தின்கோரியின் ஆஹா

ஒருவர் சொல்வதற்கெல்லாம் ஆமாம் போடுவது ஒரு உத்தியோகமாக இருந்தது என்று சொன்னால், என் கடைக்கு வரும் கல்லூரிப் பையன்கள் நம்புவதில்லை. இருந்தது. எங்கள் பலாஷ்காட்டில் அந்த உத்தியோகத்தை முப்பது வருஷத்துக்கு மேல் பார்த்தவர் தின்கோரி கோஷால். பெரிய வீட்டு ஜமீன்தார் சிவநாராயண் ராய் சௌத்ரிக்கு, நாங்கள் கர்த்தாபாபு என்று அழைப்பவருக்கு, அவர் மொசாஹேப், அதாவது கூடவே இருந்து ஒத்துப் பாடுகிறவர். கர்த்தாபாபு ஒரு வேடிக்கை சொன்னால் முதலில் சிரிப்பவர் இவராக இருக்க வேண்டும். கர்த்தாபாபுவுக்கு யார் மேலாவது கோபம் வந்தால் இவரும் மீசையை முறுக்க வேண்டும். இவருக்கு மீசை ஒழுங்காக முளைக்கவே இல்லை என்பது வேறு விஷயம். சதுரங்கம் ஆடினால் தோற்க வேண்டும், அதுவும் கொஞ்சம் போராடிவிட்டுத் தோற்க வேண்டும். இதற்குச் சம்பளம் கிடையாது. இரண்டு வேளைச் சோறு, பூஜைப் பண்டிகைக்கு ஒரு ஜோடி வேட்டி, குதிரை லாயத்துக்குப் பின்னால் ஒரு அறை, அவ்வளவுதான்.

நான் பாஞ்சு மோதக். பஜாரில் மிட்டாய்க் கடை. பெரிய வீட்டுக்கு சந்தேஷ் என் கடையிலிருந்துதான் போகும். சாயங்காலமானால் ஹரிசபையில் கீர்த்தனைக்கு மிருதங்கம் அடிப்பேன். மிட்டாய்க் கடைக்காரனுக்கு ஊர் சமாசாரம் தெரியாமல் இருக்காது. எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே தெரியும். ஊரார் விஷயத்தில் மூக்கை நுழைக்கிற குணம் என்று என் மனைவி சொல்வாள். சொல்லட்டும். மூக்கை நுழைக்காவிட்டால் தின்கோரியைப் பற்றி எனக்கு என்ன தெரிந்திருக்கும்?

அவர் எப்படி இந்த வேலைக்கு வந்தார் என்று துருவித் துருவிக் கேட்டிருக்கிறேன். ஆற்றுக்கு அக்கரையில் ஏழைப் புரோகிதர் வீட்டுப் பிள்ளை. இருபது வயதில் யாருடைய கல்யாண கோஷ்டியோடோ பெரிய வீட்டு விருந்துக்கு வந்தார். கர்த்தாபாபு இலைகளைப் பார்த்துக்கொண்டே நடந்தவர், ஹில்சா மீனைப் பற்றி ஏதோ ஒரு வேடிக்கை சொன்னார். யாருக்கும் புரியவில்லை. தின்கோரி மட்டும் சிரித்தார். எப்படிச் சிரித்தார் என்றால், தொண்டையில் முள் மாட்டிக்கொள்ளும் அளவுக்கு. கர்த்தாபாபுவே வெறும் சோற்றை உருண்டை பிடித்து அவர் வாயில் திணித்து முள்ளை இறக்கினார். முள் இறங்கியதும் தின்கோரி மீதிச் சிரிப்பையும் சிரித்து முடித்தாராம். கோஷ்டி படகேறிப் போனது. இவரைப் போகவிடவில்லை.

இத்தனை வேலையிலும் அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது பாட்டுக் கச்சேரி. கர்த்தாபாபு சங்கீதத்தில் புலி. லக்னோவிலிருந்தும் காசியிலிருந்தும் பாடகர்கள் ஆற்றுவழியாக வந்து இறங்குவார்கள். கூடத்தில் வெள்ளை விரிப்பு, நடுவே கர்த்தாபாபுவின் திண்டு, அதற்கு இடது பக்கம் சற்றுப் பின்னால் தின்கோரி. தாளம் ஒரு சுற்றுச் சுற்றி வந்து முதல் அடியில் விழும் இடத்தை 'சம்' என்பார்கள். பாட்டும் தாளமும் அந்த இடத்தில் வந்து சேரும்போது தின்கோரியின் வாயிலிருந்து ஒரு 'ஆஹா' கிளம்பும். நீட்டவும் மாட்டார், முழுங்கவும் மாட்டார். அந்த ஒரு ஆஹாவுக்காக இன்னொரு சுற்று பாடின உஸ்தாதுகளை நான் பார்த்திருக்கிறேன். பஹரம்பூரில்கூட அதைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள்.

பிறகு காலம் கெட்டது. ஆறு ஒவ்வொரு மழைக்கும் ஒரு கிராமமாக வாயில் போட்டுக்கொண்டது. மிச்சத்தைக் கோர்ட்டு சாப்பிட்டது. யானை போயிற்று, குதிரைகள் போயின. கூடவே இருந்த மற்ற மொசாஹேப்கள் ஒவ்வொருவராக மாக்கன்லால் போத்தார் வீட்டுக்கு இடம் மாறினார்கள். போத்தார் சணல் வியாபாரத்தில் கொழித்தவர். புது மாளிகை கட்டி, இயந்திரம் வைத்து மின்சார விளக்கு போட்டிருந்தார். பாட்டுக்கென்று பெரிய வீட்டுக் கூடத்தைவிட ஒரு முழமாவது பெரிதாகக் கூடம் கட்டியிருந்தார். ஆனால் பெரிய பாடகர் யாரும் நேரே அங்கே போவதில்லை. முதலில் ராய் சௌத்ரியின் காது கேட்கட்டும், அப்புறம் வருகிறோம் என்பார்கள். நிலம் போன கர்த்தாபாபுவுக்கு மிஞ்சியிருந்த சொத்து அந்தக் காது ஒன்றுதான். அதற்கு மட்டும் யாரும் ஜப்தி கொண்டுவர முடியவில்லை.

அந்த வருஷம் மழைக்குப் பின் ஊர் பூரா மலேரியா. கர்த்தாபாபுவும் படுத்து எழுந்தார். அதற்குச் சில வாரம் கழித்து, நடுப்பகலில், நான் சர்க்கரைப் பாகைக் கிண்டிக்கொண்டிருந்தபோது தின்கோரி வந்து பலகையில் உட்கார்ந்தார். சந்தேஷ் கேட்கவில்லை. அதுவே எனக்கு ஆச்சரியம்.

"பாஞ்சு, தாளம் தாளம்ங்கிறாங்களே, அது எங்க ஆரம்பிக்குது, எங்க முடியுது?"

விளையாடுகிறார் என்று நினைத்தேன். "இத்தனை வருஷமா ஆஹா போடுறீங்களே தின்கோரி அண்ணா, அது தெரியாமலா போட்டீங்க?"

"தெரியாமத்தான் போட்டேன்" என்றார் அவர்.

காரணம் கேட்டேன். கற்றுக்கொடுத்தால் போதும் என்றார். எனக்குத் தலை வெடித்துவிடும் போலிருந்தது. ஊரே மெச்சும் ஆஹாக்காரர், தலை நரைத்தபின் தாளம் எங்கே ஆரம்பிக்கிறது என்று கேட்கிறார். காரணம் எப்படியும் வெளியே வரும் என்று கற்றுக்கொடுக்க ஒப்புக்கொண்டேன்.

பதினாறு சந்தேஷை வாழை இலையில் நாலு நாலாக அடுக்கினேன். முதலாவதன் தலையில் ஒரு உலர்ந்த திராட்சை. நான் மிருதங்கத்தில் அடிக்க, அவர் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போக வேண்டும். திரும்பத் திராட்சைக்கு வரும்போது ஆஹா. முதல் நாள் அவர் திராட்சைக்கு வந்து சேர்ந்தபோது நான் அதைத் தாண்டி ஐந்தாவதில் இருந்தேன். இரண்டாம் நாள் இன்னும் மோசம். மூன்றாம் நாள் தொடுவது தின்பதாக மாறிவிட்டது. தாளம் வந்ததோ இல்லையோ, என் சந்தேஷ் தீர்ந்தது. ஒரு மனிதனுக்கு இவ்வளவு மந்தமான காது இருக்க முடியுமா என்று எனக்கு எரிச்சல் வந்தது. இவர் எப்படி முப்பது வருஷம் ஒரு தடவைகூட அடி தப்பாமல் ஆஹா போட்டார்? விஷயத்தைச் சொன்னால்தான் இனி மிருதங்கத்தைத் தொடுவேன் என்று உறையைப் போட்டு மூடிவிட்டேன்.

சுற்றிலும் பார்த்துவிட்டு, அடுப்புப் பக்கம் நகர்ந்து வந்து சொன்னார். திண்டின் மேல் கிடக்கும் கர்த்தாபாபுவின் இடது கை. அதில் மரகத மோதிரம் போட்ட விரல். சம் வரும்போது அந்த விரல் தானாக எழும்பும். அதைப் பார்த்துத்தான் இவர் ஆஹா போட்டிருக்கிறார். பாட்டை அல்ல, மோதிரத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார் முப்பது வருஷமும்.

மலேரியாவுக்குக் கொடுத்த கொய்னா மருந்து கர்த்தாபாபுவின் காதை அடைத்துவிட்டது. காய்ச்சல் விட்டது, காது திறக்கவில்லை. வீட்டில் யாருக்கும் தெரியாது. பதில் சொல்லாமல் இருப்பது அவர் பழைய வழக்கம்தான், ஆகையால் கௌரவம் என்று எடுத்துக்கொண்டார்கள். வருகிறவர்கள் பேசியதை இவர் கர்த்தாபாபுவின் முகத்துக்கு நேரே குனிந்து, உதட்டைப் பார்த்தே புரியும்படி வாயைப் பெரிதாகத் திறந்து, "பாருங்க ஹுஜூர், அரிசி விலையப் பத்தி எவ்வளவு அழகாக் கேக்கிறார்" என்று திருப்பிச் சொல்வார். மொசாஹேப் எதையும் திருப்பிச் சொல்வது வழக்கமாதலால் யாரும் சந்தேகப்படவில்லை. ஆனால் பூஜைக்கு அப்புறம் நடந்த சின்னக் கச்சேரியில் விரல் எழும்பவே இல்லை. வேர்த்துக் கொட்டி, குருட்டாம்போக்கில் இவர் ஓர் ஆஹா போட்டார். உடனே கர்த்தாபாபு திரும்பி இவரைப் பார்த்தார். அதன் பிறகு கை எழுந்தது.

"அவர் என்கிட்ட ஒண்ணும் சொல்லல, நானும் கேக்கல" என்றார் தின்கோரி. "நான் அவர் விரலப் பாக்கிறது அவருக்குத் தெரியும் பாஞ்சு. முதல் வருஷமே கண்டுபிடிச்சிட்டார். மத்தவங்க என்னப் பாத்துச் சிரிச்சிடக் கூடாதுன்னு, எனக்காக விரலக் கொஞ்சம் முன்னாலயே தூக்குவார். இப்ப அவர் என் மூஞ்சியப் பாக்கிறார். நான் எங்கேருந்து எடுத்துக் குடுக்கிறது?"

 உறையைக் கழற்றிவிட்டு மிருதங்கத்தை மடியில் வைத்தேன்.

அவசரத்துக்குக் காரணம் இருந்தது. மாசி மாதம் காசியிலிருந்து சமேலிபாய் வரப்போகிறாள். வயதானவள், சிறு பெண்ணாக இருந்தபோதே பெரிய வீட்டில் பாடியவள். போத்தார்தான் பெரும் தொகை கொடுத்து அழைத்திருந்தார். அவளோ முதலில் ராய் சௌத்ரி கூடத்தில் பாடிவிட்டுத்தான் உங்கள் கூடம் என்று சொல்லிவிட்டாள். அந்தக் காது செத்துவிட்டது என்று அவளுக்குத் தெரிந்தால் காசி முழுக்கத் தெரிந்துவிடும். பிறகு ஒரு பாடகனும் பெரிய வீட்டுத் துறையில் இறங்க மாட்டான். கர்த்தாபாபு யாராக இருந்தாரோ அவர் அன்றோடு தீர்ந்தார்.

நாங்கள் தினமும் உட்கார்ந்தோம். ஊரில் எல்லோருக்கும் வேடிக்கை. "மொசாஹேப்புக்கு மிட்டாய்க்காரன் வாத்தியாராம்" என்று போகிறவர் வருகிறவரெல்லாம் சிரித்தார்கள். சிரித்தவர்களில் யாரோ போத்தாரிடம் போய் ஓதியிருக்க வேண்டும். ஒரு நாள் மோட்டார் வண்டி என் கடை வாசலில் நின்றது. போத்தார் இறங்கி வந்து ஒரு ரசகுல்லாவைப் பிழிந்து வாயில் போட்டுக்கொண்டார். தின்கோரியிடம் மரியாதையாகத்தான் பேசினார். தன் வீட்டில் அறை, மாதச் சம்பளம், கச்சேரியில் முதல் வரிசை, எல்லாம் சொன்னார்.

"ஒண்ணே ஒண்ணுதான் கோஷால் மஷாய். இந்த வயசுல நீங்க தாளம் படிக்கிறீங்கன்னா, பெரியவருக்குக் காது போயிடுச்சுதானே? ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. உங்களுக்குப் பழக்கமான வார்த்தைதானே."

தின்கோரி எழுந்து நின்று கை கூப்பினார். "பாபுவோட சந்தேகம் ரொம்ப உசந்த சந்தேகம். பெரிய மனுஷங்களுக்குத்தான் இப்படியெல்லாம் தோணும். ஆனா, இல்ல."

அந்த மனிதர் வாயிலிருந்து 'இல்லை' என்ற சொல்லை நான் கேட்டது அதுதான் முதல் தடவை. போத்தார் சிரித்துக்கொண்டே கையைத் துடைத்துக்கொண்டார். கச்சேரியில் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு வண்டியேறினார்.

கச்சேரியைக் கர்த்தாபாபு சாயங்காலத்தில் வைக்கவில்லை, மத்தியானத்தில் வைத்தார். மத்தியான ராகமான பீம்பலாஸி கேட்க ஆசை என்று காரணம் சொன்னார்கள். கூடத்துச் சரவிளக்குகளுக்கு மெழுகுவத்தி வாங்க வழியில்லை என்பது எனக்குத் தெரியும். எல்லோருக்குமே தெரியும், யாரும் சொல்லிக்கொள்ளவில்லை. சந்தேஷ் கூடைகளை இறக்கிவிட்டு நான் தபலாக்காரருக்குப் பின்னால் கதவோரம் நின்றுகொண்டேன். கர்த்தாபாபு பட்டுக் குர்தாவில், பன்னீர் மணக்க, திண்டில் சாய்ந்திருந்தார். இடது பக்கம் தின்கோரி. சால்வைக்குள் அவர் விரல்கள் கணுக் கணுவாக எண்ணிப் பார்த்துக்கொண்டிருப்பது எனக்குத் தெரிந்தது. ஏற்பாடு இதுதான்: சம் விழும்போது இவர் திண்டின் பின்பக்கத்தை ஒரு அழுத்து அழுத்துவார். இருவரும் பேசி வைத்துக்கொண்ட ஏற்பாடு என்று நினைத்துவிடாதீர்கள். அதற்கு முன் வாரம் இவர் சும்மா அழுத்திப் பார்த்திருக்கிறார். கை எழும்பியிருக்கிறது.

சமேலிபாய் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தாள். அப்போது எதிர்வரிசையிலிருந்து போத்தார் குரல் கொடுத்தார். "கோஷால் மஷாய், இப்படி என் பக்கத்துல வந்து உக்காருங்க. உங்க ஆஹாவ இன்னிக்குப் பக்கத்துல இருந்து கேக்கணும்."

விருந்தாளி வாய்விட்டுக் கேட்டதை அந்த வீட்டில் மறுக்க முடியாது. எதிரியே ஆனாலும் வாசற்படி தாண்டி வந்துவிட்டால் அவன் கேட்டதைக் கொடுப்பதுதான் அங்கே முறை. நாற்பது வருஷம் அந்த முறையைக் காப்பாற்றித்தான் அவர்கள் பாதி சொத்தை இழந்தார்கள். கர்த்தாபாபு போத்தாரின் உதட்டையும் கையையும் பார்த்தார், தலையை அசைத்தார். தின்கோரி எழுந்து கூடத்தைக் கடந்து போனார். தூக்கு மேடைக்குப் போகிறவனும் இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து போவான்.

பாட்டு ஆரம்பித்தது. விளம்ப காலம். ஒரு சுற்று முடிவதற்குள் ஒருவன் வெற்றிலை மடித்துப் போட்டு மென்றுவிடலாம். அவ்வளவு நிதானமாக ஓடும் தாளத்தில் முதல் அடியைப் பிடித்து வைத்திருப்பது தேர்ந்தவர்களுக்கே கஷ்டம். தின்கோரியின் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. சுற்று திரும்பி வந்தது.  ஆஹா என்றார். விழுந்தது, சரியான இடத்தில். எதிரே கர்த்தாபாபு அந்த முகத்தைப் பார்த்துக் கையைத் தூக்கினார்.

போத்தார் முட்டாள் அல்ல. கர்த்தாபாபுவின் கண் பாடுகிறவள் மேல் இல்லை, மொசாஹேப் மேல் இருக்கிறது என்பதை அந்த ஒரு சுற்றிலேயே பார்த்துவிட்டார். தன் பெரிய மயிலிறகு விசிறியை எடுத்து விரித்து, சாவகாசமாக விசிறிக்கொள்ளத் தொடங்கினார். தின்கோரியின் முகம் அதற்குப் பின்னால் போய்விட்டது.

அடுத்த சம் வந்தது, போயிற்று. திண்டின் மேல் கை அப்படியே கிடந்தது. விசிறிக்குப் பின்னாலிருந்து ஆஹா வந்தது, கர்த்தாபாபுவுக்குக் கேட்கவில்லை. இன்னொரு சுற்று. அப்போதும் கை கிடந்தது. தபலாக்காரர் தலையைத் தூக்கிப் பார்த்தார். முன்வரிசையில் இரண்டு பேர் ஒருவர் காதில் ஒருவர் ஏதோ சொன்னார்கள். சமேலிபாயின் புருவம் சுருங்கியது. கர்த்தாபாபுவின் கண்கள் மயிலிறகிலேயே நின்றன. அந்த முகத்தில் அதுவரை நான் பயத்தைப் பார்த்ததில்லை.

தின்கோரி எழுந்து நின்றார்.

பாட்டு நடக்கும்போது அந்தக் கூடத்தில் யாரும் எழுந்து நின்றதே கிடையாது. வெள்ளை விரிப்பின் நடுவில் வந்து நின்று, கண்ணை இறுக்கிக்கொண்டு, உதடு துடிக்கத் துடிக்க எண்ணினார். சமேலிபாய் மேலேயிருந்து ஒவ்வொரு ஸ்வரமாக இறங்கி வந்தாள். வந்து சேர்ந்த அந்த நொடியில் அவர் இரண்டு கையையும் மேலே வீசி, கூடம் அதிர, "ஆஹா!" என்றார்.

பாட்டு நின்றுவிட்டது. யாரோ சிரித்தார்கள். கர்த்தாபாபு அவரைப் பார்த்தார். இப்போது கையைத் தூக்கினால் மொசாஹேப்பைப் பார்த்துத் தூக்குகிறார் என்று சபைக்கே தெரிந்துவிடும். தூக்காவிட்டால் செவிடு. அவர் திண்டிலிருந்து நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"தின்கோரி, உனக்கு வயசாச்சே தவிர அறிவு வரல. பாட்டு எங்க இருக்குன்னு தெரியாம நடுவுல கத்துற. அந்தம்மா பாட்டக் கெடுத்துட்ட. வெளிய போ."

அந்தக் குரலில் பழைய கம்பீரம் முழுவதும் இருந்தது. பாட்டுக்கு ஊறு வந்தால் பொறுக்காத ரசிகனின் கோபம் என்று சபை எடுத்துக்கொண்டது. ஒரு செவிடனுக்கு இப்படிக் கோபம் வருமா என்று போத்தாரே ஒரு கணம் திகைத்தார். விசிறி நின்றுவிட்டது.

தின்கோரியின் ஆஹா சரியாகச் சம்மில் விழுந்தது. எனக்குத் தெரியும். தபலாக்காரருக்குத் தெரியும். பாடினவளுக்குத் தெரியாமல் இருக்குமா? தபலாக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் தின்கோரி குனிந்து கை கூப்பிவிட்டார்.

"தப்புதான் ஹுஜூர். அடி தப்பிட்டேன். எனக்கு எப்பவுமே காது போதாது."

செருப்பைக்கூடத் தேடாமல் வெளியே போனார். சமேலிபாய் கர்த்தாபாபுவைச் சற்று நேரம் பார்த்தாள். பிறகு நெற்றியில் கை வைத்து அவருக்கு ஒரு ஸலாம் செய்துவிட்டு பாட்டை மறுபடி எடுத்தாள். அதன் பிறகு ஒவ்வொரு சம்மிலும் அவளே அவரை நோக்கித் தலையை லேசாக அசைத்தாள், கையும் எழுந்தது. அவள் எதற்காக அப்படிச் செய்தாள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்க ஆசைதான், யாரிடம் கேட்பது.

நான் கூடையைப் போட்டுவிட்டு வெளியே ஓடினேன். தின்கோரி ஆற்றுத்துறைப் படியில் உட்கார்ந்திருந்தார். எனக்குக் கோபம் பொங்கியது. இத்தனை வருஷம் வைத்திருந்த ஆளைச் சபையில் நாயைப் போல விரட்டுகிறாரே, அதுவும் சரியாகப் போட்ட ஆஹாவுக்கு என்று கத்தினேன்.

"கத்தாத. அவர் திட்டாம இருந்திருந்தா நான் அங்கேயே செத்திருப்பேன்" என்றார். "நல்லவேளை, நல்லாத் திட்டினார்."

"நாளைக்கு எங்க போவீங்க?"

"வெளிய போன்னுதான் சொன்னார். வந்துட்டேன். திரும்பி வராதன்னு சொன்னாரா?"

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். கூடத்து ஜன்னல் வழியாகப் பாட்டு ஆற்றின் மேல் வந்துகொண்டிருந்தது. அவர் என் முகத்தைப் பார்க்காமல், தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"ஏன் பாஞ்சு, சரியாப் போட்டேன்னியே. கோபத்துல சொன்னியா, நெஜமாவா?"

"நெஜமாத்தான். மயிரிழைகூடத் தப்பல."

"யாரும் விரலத் தூக்கலயே."

"யாரும் தூக்கல."

"அப்ப எனக்கே கேட்டிருக்கு" என்றார் அவர். கண்ணில் நீர் வழிந்தது, துடைத்துக்கொள்ளவில்லை. மேலே ஜன்னலில் சமேலிபாய் அடுத்த சுற்றுக்குப் போயிருந்தாள். நான் ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். பேசாதே என்று கையைக் காட்டிவிட்டு, அவர் கண்ணை மூடிக்கொண்டு பாட்டைக் கேட்டார்.